படகில் வந்த மச்சானுக்கும் படிக்க வரும் மருமகனுக்கும் தொழிற்கட்சி என்ன செய்யும்?

கேள்வி இதுதான்: "அவுஸ்திரேலியாவில் தொழிற்கட்சி 94 இடங்களோடு திரும்ப ஆட்சிக்கு வந்திருக்கிறது. என் மச்சான் 2012இல் படகில் வந்தவர். ஃபாஸ்ட் ட்ராக் என்ற அகதி விசாரணையில் கேஸ் ரிஜெக்ட் ஆகி, இன்னும் பிரிட்ஜிங் வீசா என்ற தற்காலிக வீசாவில் இருக்கிறார். இவ்வளவு பெரிய பெரும்பான்மை உள்ள அரசு இப்படிப்பட்டவர்களுக்கு பிஆர் கொடுக்காதா? அக்காவின் மகன் வேறு இங்கே படிக்க வர விரும்புகிறான். குடிவரவைக் குறைக்கப் போகிறார்கள் என்கிறார்களே, அவனை வரச் சொல்லலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சானைப் போன்ற எல்லோருக்கும் சேர்த்து பிஆர் (நிரந்தர வதிவுரிமை) என்று ஒரு அறிவிப்பு இந்த அரசிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தனித்தனிக் கோப்புகளுக்கு வழி திறக்கலாம், திறந்தும் இருக்கிறது. உங்கள் மருமகன் வரலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் வந்தவர்களுக்கு இருந்த கணக்கு இப்போது இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். இந்தக் கட்சி என்ன செய்யும் என்பது அதன் தேர்தல் அறிக்கையை விட, அது பட்ட அடிகளில்தான் தெளிவாகத் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: லிபரல் என்றால் கடுமை, லேபர், அதாவது தொழிற்கட்சி, என்றால் இரக்கம். வரலாறு அப்படி நேர்கோட்டில் இல்லை. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையை நெடுங்காலம் தாங்கிப் பிடித்ததும் தொழிற்கட்சிதான், 1973இல் விட்லம் ஆட்சியில் அதன் கடைசி மிச்சத்தைத் துடைத்ததும் அதே கட்சிதான். வியட்நாம் அகதிகளுக்குப் பெரிய அளவில் கதவைத் திறந்தவர் லிபரல் பிரதமர் மல்கம் ஃபிரேசர். வீசா இல்லாமல் வருகிற எவரையும் கட்டாயமாகத் தடுப்பில் வைக்கும் சட்டத்தை 1992இல் கொண்டு வந்தது பிரதமர் கீட்டிங்கின் தொழிற்கட்சி அரசு. கிறிஸ்மஸ் தீவிலும் டார்வினிலும் எங்கள் பெடியள் அடைபட்டுக் கிடந்தார்களே, அந்தச் சட்டத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

பிறகு 2001. நோர்வேயின் டம்பா கப்பல் கடலில் தத்தளித்த 400க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு வந்தது. லிபரல் பிரதமர் ஜோன் ஹவார்ட் அந்த ஆட்களை இறங்க விடவில்லை. நவூரு என்ற பசிபிக் தீவு நாட்டிலும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவிலும் முகாம்கள் திறந்தார். அந்த வருட நவம்பர் தேர்தலில் கிம் பீஸ்லியின் தொழிற்கட்சி தோற்றது. 'படகு விஷயத்தில் தளர்ந்தால் தேர்தல் போகும்' என்ற பயம் கட்சிக்குள் குடியேறியது அப்போதுதான்.

2007இல் கெவின் ரட் வென்றதும் தளர்த்திப் பார்த்தார்கள். 2008இல் நவூரு மூடப்பட்டது, தற்காலிகப் பாதுகாப்பு வீசா ஒழிக்கப்பட்டது. அதன் பின் வந்த ஐந்து வருடங்களில் ஏறக்குறைய 50,000 பேர் படகில் வந்தார்கள். வழியில் கடலில் இறந்தவர்கள் 1,200க்கும் மேல். இந்த இரண்டு எண்களும் தொழிற்கட்சி அமைச்சர்களின் மனதில் இன்றைக்கும் அழியாமல் இருக்கின்றன. அவர்களோடு இந்த விஷயம் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் கடலில் இறந்தவர்கள் வந்துவிடுவார்கள். அதை வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். அந்தச் சாவுகள் உண்மை, அதில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் கரைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவரைப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வீசா இழுபறியில் வைத்திருப்பதற்கு அந்தச் சாவுகள் காரணமாக முடியாது.

அந்த ஐந்து வருடத்துக்குள்ளேயே கட்சி எப்படித் திரும்பியது என்பதை ஈழத்தமிழர்கள் மறந்துவிடக் கூடாது, ஏனெனில் ஒவ்வொரு திருப்பத்திலும் நாங்கள் இருந்தோம். 2009இல் ஓஷியானிக் வைக்கிங் என்ற கப்பலில் 78 தமிழர் இந்தோனேசியாவில் இறங்க மறுத்துக் கிழமைக் கணக்கில் இருந்தார்கள். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத 2010 ஏப்ரலில், இலங்கையரின் புதிய புகலிட விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே மூன்று மாதம் நிறுத்தி வைத்தது ரட் அரசு. 2012இல் மட்டும் 6,000க்கும் அதிகமான இலங்கையர் படகில் வந்தபோது, ரட்டுக்குப் பின் வந்த ஜூலியா கிலார்ட் அரசு 'மேம்பட்ட வடிகட்டல்' என்று ஒன்றைத் தொடங்கியது. சில கேள்விகளைக் கேட்டு, முறையான விண்ணப்பம் போடவே விடாமல், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். நவூருவும் மானுஸும் மறுபடி திறந்தன. கடைசியில் 2013 ஜூலை 19 அன்று, திரும்பப் பிரதமராகியிருந்த அதே ரட், இனிமேல் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் ஒருபோதும் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று அறிவித்தார். இவ்வளவையும் செய்தும் செப்டெம்பர் தேர்தலில் லிபரல் தலைவர் டோனி அபொட்டிடம் தோற்றார்கள்.

அபொட் படகுகளைக் கடலிலேயே திருப்பத் தொடங்கினார். 2015இல் மெல்பேர்ணில் நடந்த தொழிற்கட்சி தேசிய மாநாட்டில், தாங்கள் ஆட்சிக்கு வந்தாலும் படகுகளைத் திருப்பும் வழியை வைத்துக்கொள்வோம் என்ற நிலைப்பாட்டை அப்போதைய கட்சித் தலைவர் பில் ஷோர்ட்டன் வெல்ல வைத்தார். அப்போது அதை எதிர்த்து வாக்களித்த மூத்த தலைவர்களில் ஒருவர் அன்டனி அல்பனீஸி. இன்று பிரதமராக அதே கொள்கையை நடத்துகிறவரும் அவர்தான். 2022 மே 21, வாக்குப்பதிவு நாளிலேயே இலங்கையிலிருந்து வந்த ஒரு படகு பிடிபட்டது. லிபரல் கட்சி அதை வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. ஆட்சிக்கு வந்த கையோடு அல்பனீஸி அரசு அந்தப் படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் கிளெயர் ஓ'நீல் கொழும்புக்குப் போய் படகுகளை நிறுத்துவது பற்றிப் பேசினார். இலங்கை பெற்றோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற காலம் அது.

ஆக, படகு விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. இனி புதிதாக யார் வந்தாலும் திருப்பி அனுப்புவார்கள் அல்லது நவூருவுக்கு அனுப்புவார்கள். நவூருவில் எஞ்சியிருந்த கடைசி அகதிகளை 2023 ஜூனில் வெளியே எடுத்துவிட்டு, சில மாதங்களிலேயே புதியவர்களைக் கொண்டுபோய் வைத்தது இதே அரசுதான். ஊரில் யாராவது 'லேபர் வந்திட்டுது, இப்ப போனா விடுவாங்கள்' என்று காசு கேட்டால், அவர் பொய் சொல்கிறார். இதை உங்கள் உறவுகளுக்கு அடித்துச் சொல்லுங்கள்.

சரி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்? இங்கேதான் இந்தக் கட்சியின் இன்னொரு முகம் தெரிகிறது. 2014 கடைசியில் லிபரல், நேஷனல் கட்சிகளின் கூட்டணி அரசு கொண்டு வந்த சட்டம், முன்பு படகில் வந்த ஏறக்குறைய 30,000 பேரை ஃபாஸ்ட் ட்ராக் என்ற தனிப் பாதையில் தள்ளியது. வென்றவர்களுக்கும் நிரந்தர வீசா கிடையாது. மூன்று வருட டிபிவி அல்லது ஐந்து வருட ஷெவ் என்ற தற்காலிகப் பாதுகாப்பு வீசா, அவ்வளவுதான். தொழிற்கட்சி இதை மாற்றுவோம் என்று வாக்குறுதி கொடுத்தது, மாற்றியது. 2023 பெப்ரவரியில் டிபிவி, ஷெவ் வைத்திருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். பத்து வருடம் மனைவி பிள்ளைகளைக் காணாதவர்கள் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார்கள். படகில் வந்தவர்களின் குடும்ப விண்ணப்பங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளிய பழைய உத்தரவும் போனது. இன்று அவர்களில் பலர் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. இதற்காக இந்த அரசுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

ஆனால் உங்கள் மச்சான் நிற்பது கோட்டுக்கு மறுபக்கத்தில். ஃபாஸ்ட் ட்ராக்கில் தோற்றவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் அப்படி வெளியே விடப்பட்டார்கள், அவர்களில் ஈழத்தமிழர் கணிசம்.

அந்தத் தோல்வி எப்படி வந்தது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். 2012இல் கிறிஸ்மஸ் தீவில் இறங்கியவுடன் ஒரு 'என்ட்ரி இன்டர்வியூ' நடக்கும். கடல் மயக்கம் தீராத ஆள், பக்கத்தில் சட்டத்தரணி இல்லை, மொழிபெயர்ப்பாளர் பலவேளை தொலைபேசியின் மறுமுனையில். 'ஏன் வந்தாய், சுருக்கமாகச் சொல்' என்பார்கள். ஆமி பிடித்து அடித்ததைச் சொன்னால் இயக்கத்தோடு தொடர்பு என்று எழுதி விடுவார்களோ, இலங்கைக்குத் தகவல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் பாதியைச் சொல்வார். நாலு வருடம் கழித்து, சட்டத்தரணியின் உதவியோடு முழுக்கதையையும் எழுதிக் கொடுப்பார். அதிகாரி பழைய தாளை எடுத்து வைத்து, 'இதை நீ அன்றைக்குச் சொல்லவில்லையே' என்று கேட்பார். நம்பகத்தன்மை இல்லை என்று கோப்பு மூடப்படும். பிறகு ஐஏஏ என்ற மேன்முறையீட்டு அமைப்பு. அங்கே வழமையாக ஆளை நேரில் கேட்பதே இல்லை, தாளை மட்டும் பார்ப்பார்கள். விதிவிலக்கான காரணம் காட்டாவிட்டால் புதிய ஆதாரம் எடுக்கவும் மாட்டார்கள். பெரும்பாலான நிராகரிப்புகளை அது அப்படியே உறுதி செய்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்த முடிவுகளில் நிறைய 2016க்கும் 2019க்கும் இடையில் எழுதப்பட்டவை. இலங்கையில் சிறிசேன ஆட்சி. நாடு திருந்திவிட்டது, தமிழருக்கு முன்போல ஆபத்து இல்லை என்று அவுஸ்திரேலிய வெளிவிவகார அமைச்சின் நாட்டு அறிக்கைகள் சொன்ன காலம். மை காயும் முன் 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி ஆனார். கோப்பு அதற்காகத் திரும்பத் திறக்கப்படவில்லை. அதன் பின் எஞ்சியது நீதிமன்றம் மட்டும். நீதிமன்றமோ சட்டத்தவறு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், 'இந்த மனிதன் சொல்வது உண்மையா' என்று பார்க்காது. அந்த வரிசையில் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள், இன்னும் காத்திருக்கிறார்கள்.

ஃபாஸ்ட் ட்ராக் அநீதியானது என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது சொன்னதே தொழிற்கட்சிதான். 2024 ஒக்டோபரில் ஐஏஏயை அவர்களே ஒழித்தும் விட்டார்கள். தராசு பிழை என்று சொல்லித் தூக்கி எறிந்தவர்கள், அந்தத் தராசில் நிறுத்த நிறையை மட்டும் சரி என்று வைத்திருக்கிறார்கள். என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடம் இதுதான். 2024இல் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இந்த ஆட்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு இரவுபகலாக இருந்தார்கள். அதில் பங்கெடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளையை அந்த வருடம் பறிகொடுத்தோம். அப்போதுகூட ஒட்டுமொத்தத் தீர்வு வரவில்லை.

94 இடம் இருந்தும் ஏன் செய்யமாட்டார்கள்? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. பழைய பயம் ஒன்று, அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, 2023 நவம்பர். நாடு கடத்த முடியாதவர்களைக் காலவரையின்றித் தடுப்பில் வைப்பது சட்டவிரோதம் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான ஹை கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு ரொஹிங்கியா மனிதரின் வழக்கு அது, 2004இல் அதே நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஏறக்குறைய 150 பேர் உடனடியாக வெளியே வந்தார்கள். அவர்களில் சிலர் பாரதூரமான குற்றங்களுக்குத் தண்டனை அனுபவித்தவர்கள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீற்றர் டட்டன் மாதக்கணக்கில் அதை வைத்தே அடித்தார். அரசு நிலை குலைந்து காலில் கண்காணிப்புப் பட்டி, இரவு ஊரடங்கு என்று அவசரச் சட்டம் போட்டது. அதையும் ஒரு வருடத்தில் ஹை கோர்ட் வெட்டியது. அதன் விளைவாக 2024 நவம்பர் கடைசியில், கூட்டணியின் ஆதரவோடு, ஒரே மூச்சில் கடுமையான சட்டங்கள் நிறைவேறின. மூன்றாம் நாடுகளுக்குக் காசு கொடுத்து ஆட்களை அனுப்பலாம். நாடு கடத்த ஒத்துழைக்க மறுத்தால் சிறை. 2025 ஓகஸ்டில் நவூருவோடு ஒப்பந்தம்: முதலில் 40.8 கோடி டொலர், பிறகு வருடாவருடம் 7 கோடி, 30 வருடத்தில் 250 கோடி டொலர் வரை. அந்தத் தீர்ப்பால் அதற்குள் வெளியே வந்திருந்த 350க்கு மேற்பட்ட ஆட்களை மனதில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் இது. அந்தப் பணத்தில் ஒரு சிறு துண்டு போதும், தேங்கிக் கிடக்கும் எல்லாக் கோப்புகளையும் திரும்ப நேர்மையாகப் படித்து முடிக்க.

இந்த இடத்தில் பலர் பயந்துபோய்க் கேட்பார்கள், 'அந்தச் சட்டம் எங்களையும் பிடிக்குமா' என்று. எல்லா பிரிட்ஜிங் வீசாக்காரரும் அதற்குள் வருவதில்லை. வீசா எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. நாட்டை விட்டுப் போக ஏற்பாடு செய்கிறேன் என்ற அடிப்படையில் கொடுக்கப்பட்ட பிரிட்ஜிங் வீசா 'ஈ' என்றால் கவனம். உங்கள் மச்சானின் வீசா கடிதத்தை எடுத்து அந்த வரியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். யாராவது 'கையெழுத்து வைத்தால் வீசா புதுப்பிக்கலாம்' என்று ஒரு படிவத்தை நீட்டினால், வாசித்து விளங்காமல் வைக்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் வாக்கு. சிட்னியில் வென்ட்வொர்த்வில், கிரவீன், துங்காபி, மெல்பேர்ண் பக்கம் டண்டினோங் என்று எங்கள் ஆட்கள் திரண்டு வாழும் தொகுதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே தொழிற்கட்சியிடம்தான் இருக்கின்றன. கையில் இருக்கும் வாக்குக்காக யாரும் பெரிய விலை கொடுப்பதில்லை. மறுபுறம், 2025இன் பிற்பகுதியில் கருத்துக்கணிப்புகளில் குடிவரவை எதிர்க்கும் வன் நேஷன் கட்சி ஏறத் தொடங்கியது. ஓகஸ்ட் 31 அன்று குடிவரவுக்கு எதிராகப் பல நகரங்களில் ஊர்வலம் போனார்கள். வீட்டு வாடகை ஏறியதற்கு வந்தவர்கள்தான் காரணம் என்ற பேச்சு தொழிற்கட்சிக்கு வாக்களிக்கும் உழைக்கும் மக்களிடமும் இருக்கிறது. இந்தக் காற்றில் 'படகில் வந்தவர்களுக்கு பொதுமன்னிப்பு' என்ற தலைப்புச் செய்தியை அல்பனீஸி தானாகத் தேடிப் போகமாட்டார்.

அவர்கள் செய்வது வேறு மாதிரி. பிலோயிலா குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குவீன்ஸ்லாந்தின் அந்தச் சின்ன ஊரிலிருந்து 2018 மார்ச்சில் விடியற்காலை அள்ளிக்கொண்டு போகப்பட்ட தமிழ்க் குடும்பம். ஊர் வெள்ளைக்காரச் சனமே அவர்களுக்காக நாலு வருடம் போராடியது. தொழிற்கட்சி தேர்தலுக்கு முன்பே வாக்குக் கொடுத்தது. வென்று சில நாளில் பிரிட்ஜிங் வீசா, 2022 ஓகஸ்டில் நிரந்தர வீசா. ஆனால் அதே சட்டநிலையில் இருந்த மற்றக் குடும்பங்களுக்கு அது முன்னுதாரணம் இல்லை என்றும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். விதியை மாற்றமாட்டார்கள், ஆளைப் பார்த்து அமைச்சரின் பேனையால் தீர்ப்பார்கள். சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக. 2024 ஜூலையில் டோனி பேர்க் குடிவரவைப் பொறுப்பேற்ற பிறகும் இதே பாதைதான். இந்த ஆட்சிக்காலம் முழுக்க இப்படித்தான் போகும் என்று நான் நினைக்கிறேன். மாறினால் கட்சிக்குள்ளிருந்து மாறும். 'அகதிகளுக்கான லேபர்' என்று ஒரு அணி உள்ளே விடாமல் முயல்கிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் தேசிய மாநாட்டில் அவர்கள் இதைக் கிளப்புவார்கள். தீர்மானம் வந்தாலும் அமைச்சரவை அசைய வேண்டும்.

ஆகவே மச்சானுக்குச் செய்ய வேண்டியது, அறிவிப்புக்காகக் காத்திராமல் கோப்பைத் தயார் செய்வது. குடிவரவுச் சட்டத்தின் 48பி பிரிவின் கீழ், நிராகரிக்கப்பட்டவர் மறுபடி பாதுகாப்பு வீசாவுக்கு விண்ணப்பிக்க அமைச்சர் அனுமதிக்கலாம். இது அமைச்சருக்குத் தனிப்பட்ட அதிகாரம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, மறுத்தால் மேன்முறையீடும் இல்லை. புதிதாக என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும்: முடிவுக்குப் பிறகு ஊரில் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார்களா, இங்கே அவர் கலந்துகொண்ட மாவீரர் நாள், போராட்டங்களின் பதிவு, உடல்நல, மனநல மருத்துவ அறிக்கை, அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன சித்திரவதை பற்றி மருத்துவர் எழுதியது. அதோடு இங்கே வேரூன்றியதற்கான சான்று: வரிக் கணக்கு, முதலாளியின் கடிதம், பிள்ளைகளின் பள்ளி அறிக்கை. பிள்ளைகள் விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். இங்கேயே பாலர் வகுப்பிலிருந்து படித்து நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, பிரிட்ஜிங் வீசா என்ற ஒரே காரணத்தால் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டி வருகிறது. அந்தப் பிள்ளையை ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் நேரில் உட்கார வைத்தால், பத்துப் பக்கக் கடிதம் செய்யாததை அது செய்யும். உங்கள் தொகுதி எம்.பி. தொழிற்கட்சி என்றால் இன்னும் நல்லது, அமைச்சருக்குக் கோப்பைக் கொண்டுபோகும் கை அது.

காசுக்கு எழுதித் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். சிட்னியில் ராக்ஸ், மெல்பேர்ணில் ரெஃபியூஜி லீகல், ஏஎஸ்ஆர்சி ஆகிய அகதிகளுக்கான சட்ட உதவி அமைப்புகள் இலவசமாகச் செய்கின்றன. வரிசை நீளம்தான், ஆனால் சரியாகச் செய்வார்கள். நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை யாரோ சொன்னார்கள் என்று வாபஸ் வாங்கவே வேண்டாம், சட்டத்தரணி சொன்னால் தவிர. வேலை உரிமை வீசாவோடு ஒட்டியிருப்பதால், முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வைத்து முன்கூட்டியே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

இனி மருமகன். சட்டப்படியான குடிவரவில் இந்த அரசின் போக்கு படகு விஷயத்தைப் போல இறுகியது அல்ல. கொரோனாவுக்குப் பிறகு எல்லைகள் திறந்தபோது 2022-23இல் நிகரக் குடிவரவு, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த தொகை, ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. வாடகைப் பிரச்சினையோடு சேர்ந்து அது அரசியல் வெடியாகிவிட்டது. அதிலிருந்து குறைக்கிறார்கள், ஆனால் நிரந்தர இடங்களை அதிகம் தொடாமல். 1,95,000 வரை உயர்த்திய நிரந்தர வீசா எண்ணிக்கையை 1,85,000க்கு இறக்கினார்கள், 2025-26க்கும் அதையே வைத்தார்கள். டட்டன் 1,40,000க்கு வெட்டுவேன் என்று தேர்தலில் நின்று, தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். அகதிகளுக்கான மனிதாபிமான இடங்களையும் 20,000 ஆக உயர்த்தினார்கள். வெட்டு முழுக்க விழுந்தது தற்காலிகமாக வருபவர்கள் மேல்தான், அதிலும் மாணவர் மேல்.

வீசா கட்டணம் 710 டொலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600, ஒரு வருடத்தில் 2,000. கிடைக்காவிட்டால் அந்தக் காசு திரும்பாது. கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 29,710 டொலர். ஆங்கிலப் புள்ளி கூடியது. படிப்பு முடிந்த பின் எடுக்கும் கிராஜுவேட் வீசாவுக்கு வயதெல்லை பெரும்பாலானவர்களுக்கு 35 ஆகக் குறைந்தது. சுற்றுலா வீசாவில் வந்து இங்கிருந்தே மாணவர் வீசாவுக்கு மாறும் வழியை அடைத்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்கும் மாணவர் எண்ணிக்கைக்குச் சட்டப்படி உச்சவரம்பு போடப் பார்த்தார்கள், செனட்டில் கூட்டணியும் கிறீன்ஸும் சேர்ந்து தடுத்தன. விட்டார்களா? வீசா பரிசீலிக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அதே வேலையைச் செய்கிறார்கள். 2025க்கு 2,70,000, 2026க்கு 2,95,000 என்று இலக்கு. ஒரு கல்லூரி தன் பங்கை நெருங்கிவிட்டால் அதன் மாணவர்களின் வீசா மெதுவாகிவிடும்.

இதிலிருந்து இந்தக் கட்சி யாரை விரும்புகிறது என்று தெரியும். தாதி, ஆசிரியர், கட்டடத் தொழில், பொறியியல், முதியோர் பராமரிப்பு: இவற்றுக்கு ஆள் தேவை, வழி இருக்கிறது. சம்பளம் குறைந்த வேலைக்கு ஸ்பொன்சர் செய்வது கடினம். திறன் வீசாவின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் பல வருடமாக 53,900 டொலரில் கிடந்ததை 2023இல் 70,000க்கு உயர்த்தினார்கள், 2025 ஜூலையில் 76,515 ஆனது. தொழிற்சங்கங்களில் பிறந்த கட்சி இது. மலிவுக் கூலிக்கு ஆள் இறக்குவதை அது விரும்பாது, அந்த விஷயத்தில் நானும் அவர்களோடு உடன்படுகிறேன். எங்கள் பெடியள் உணவகங்களில் அரைச் சம்பளத்துக்கு முறிந்ததைப் பார்த்தவன் நான்.

மருமகன் தாதியியல் மாதிரி ஒன்றைப் பதிவான நல்ல பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறான் என்றால் வரட்டும். ஏதோ ஒரு டிப்ளோமாவில் சேர்ந்து, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். அந்தக் காலம் முடிந்துவிட்டது, நிராகரிப்பு அங்கேதான் விழுகிறது. இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். 'படிப்புச் சரிவராவிட்டால் வந்து அசைலம் அடிக்கலாம்' என்று ஊரில் சில ஏஜென்ட்மார் சொல்லி அனுப்புகிறார்கள். விமானத்தில் வந்து பொய்க்கேஸ் போடுவதை நிறுத்த 2023 ஒக்டோபரில் இந்த அரசு 16 கோடி டொலர் ஒதுக்கியது. கடைசியாக வந்த விண்ணப்பத்தை முதலில் எடுத்து முடிக்கிறார்கள். வருடக்கணக்கில் இழுத்து வேலை செய்யலாம் என்ற பழைய கணக்கு இப்போது உதைக்கும். உண்மையான ஆபத்து இருப்பவர் தாராளமாகக் கேட்க வேண்டும், அது அவரது உரிமை. மற்றவர் போடும் ஒவ்வொரு பொய்யும் உங்கள் மச்சான் போன்றவரின் உண்மையைத்தான் நம்பமுடியாததாக்குகிறது.

அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்: மகன் பிஆர் எடுத்த பின் தன்னைக் கூப்பிடுவான் என்ற கணக்கில் காணியை விற்க வேண்டாம். பெற்றோர் வீசாவின் சாதாரண வரிசை இப்போது 30 வருடத்தைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட 50,000 டொலர் கட்டும் வரிசையே பத்து வருடத்துக்கு மேல். அதைச் சரிசெய்ய இந்தக் கட்சிக்கு எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை. இடைக்கால வழியாக ஸ்பொன்சர் செய்யும் தற்காலிகப் பெற்றோர் வீசா ஒன்று உண்டு, மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு. மகன் இங்கே நிரந்தரமாகி, வருமானம் காட்டக்கூடிய நிலைக்கு வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைக்கு அவனுடைய படிப்புக்கும் முதல் வருடச் செலவுக்கும் கடன் இல்லாமல் காசு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்ய விடுவார்கள், அதை நம்பிக் கட்டணம் கட்ட முடியாது.